தலைவர் பெருக்கிய வாசல்

பேரூராட்சித் தலைவர் பொன்னுரங்கத்துக்குத் துடைப்பமும் கையுமாகப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. தூய்மை வாரமாம். தெரு பெருக்கும் துளசாமணியைக் கூப்பிட்டார்.

“நாளைக்குக் காலையில நான் வர்றப்ப பெரிய வீதியில ஒரு தூசு கிடக்கக் கூடாது. ஆனா, நான் பெருக்குறதுக்குக் குப்பையும் இருக்கோணும். ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் உனக்கு வேலை இல்ல!”

வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. “ஆகட்டுங்க” என்றாள்.

மறுநாள் தலைவர் போட்டோக்காரரும் கூட்டமுமாக வந்து பார்த்தால், வீதியிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம், அத்தனை சுத்தம்.

“குப்பை எங்கே?” என்று உறுமினார்.

“வாங்க, காட்டறேன்.”

துளசாமணி முன்னால் நடக்க, கூட்டமே பின்னால் போனது. வீதிக் கடைசியில் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். முந்தின நாள் அவர் வீட்டு விருந்து முடிந்து மதிலுக்கு மேலே வெளியே வீசிய பிரியாணி இலையும் எலும்பும் தண்ணீர் பாட்டிலும் அங்கே குவிந்து கிடந்தன. தினமும் விடியுமுன்னே அவள்தான் அள்ளுவாள். அன்றைக்கு மட்டும் அள்ளவில்லை.

தலைவர் பல்லைக் கடித்தார். “ஊர்ல வேற குப்பையே கிடைக்கலையா உனக்கு?”

“கிடைச்சுதுங்க. அடுத்தவங்க குப்பையை உங்களைப் பெருக்க வைக்க எனக்கு மனசு வரலைங்க” என்று துடைப்பத்தை நீட்டினாள் துளசாமணி.

“இன்னும் கொஞ்சம் குனியுங்க தலைவரே!” என்றார் போட்டோக்காரர்.