நாளை முதல் பாடம் இல்லை

காங்கயத்தில் மாட்டுத் தரகை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர் அவிநாசியப்பர். வயது ஐம்பத்தைந்து. மாட்டின் பல்லை ஒருமுறை பார்த்தால் போதும், வயதைச் சொல்லிவிடுவார். ஏட்டையும் அப்படித்தான் படித்தார்.

மடத்தின் குரு உமையாள் அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். முதல் பாடமாக நான்கு வரி ஏடு ஒன்றைக் கொடுத்தார். அவிநாசியப்பர் ஒரே மூச்சில் வாசித்து, பார்க்காமலும் ஒப்பித்தார்.

"அடுத்த பாடம், அம்மா?"

"மறுபடி படியுங்கள்."

இப்படியே மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் தன்னையும் அறியாமல் கேட்டுவிட்டார்:

"நான்காம் வரியில் 'அது' என்று வருகிறதே, அம்மா, எது?"

அம்மை அந்த ஏட்டை வாங்கிக் கட்டி வைத்தார். மூன்று மாதம் படித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று அவிநாசியப்பர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் பௌர்ணமி. பௌர்ணமியன்று அம்மை பேசமாட்டார். ஓர் ஓலை நறுக்கில் எழுதி நீட்டினார்.

'நாளை முதல் பாடம் இல்லை.'

அவிநாசியப்பர் ஒருமுறை படித்தார். "மூணு மாசம் தாங்குவீங்களா மாமா?" என்று வழியனுப்பும்போதே சிரித்த மருமகன் கண்முன் வந்து நின்றான்.

அடுத்த நாள் விடிந்ததும் மூட்டையோடு விடைபெறப் போனார்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

"நீங்கள்தானே அம்மா போகச் சொன்னீர்கள்?"

"நானா? ஓலையை எத்தனை முறை படித்தீர்கள்?"

"இருப்பதே நாலு சொல். இதை எத்தனை முறை படிப்பது?"

"மறுபடி படியுங்கள்."

படித்தார். நாளை முதல், பாடம் இல்லை. அதேதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். இம்முறை மூச்சு வேறிடத்தில் நின்றது.

நாளை, முதல் பாடம் இல்லை.

மூட்டை தோளிலிருந்து தானே நழுவியது.

"இரண்டாம் பாடமா, அம்மா?"

"'அது' எது என்று கேட்டீர்களே, அப்போதே முதல் பாடம் முடிந்துவிட்டது."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இலக்கணப்படி 'முதற்பாடம்' என்று எழுதியிருந்தால் ஒரே தடவையில் புரிந்திருக்குமே!"

"அதனால்தான் எழுதவில்லை."

அவிநாசியப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி அம்மா. நாளை விடிந்ததும் வந்துவிடுகிறேன்."

அம்மை புதிய ஏட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

"மறுபடி படியுங்கள். அந்த ஓலை நேற்று எழுதியது."