இடுப்பில் ஒரு கத்தி

"அம்மா, எந்தக் கத்திங்க வாங்கறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"எதுக்குங்க?" என்றாள் பச்சைநாயகி.

"எல்லாத்துக்கும்தானுங்க."

அவள் கழுவிய பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. குரு பச்சைநாயகிக்கு முப்பத்தாறு. தவிட்டுமலை அடிவாரத்து மடத்தில் இதை யாரும் ஒரு பேச்சாக எடுப்பதில்லை. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை ஐயா என்பாள், வேலை அது பாட்டுக்கு நடக்கும்.

மடத்துக்கு வேலை ஒன்றுதான். மாசியில் மலைப்பாதை திறக்கும். தனியாக மலையேற வருகிறவர்களுக்கு மடத்திலிருந்து ஒரு ஆள் துணை போக வேண்டும். அந்த ஆளுக்கு வழித்துணை என்று பேர். வழித்துணைக்குக் காலில் செருப்புக் கிடையாது. கையில் மூங்கில் தடி, தோளில் தண்ணீர், இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி.

கத்தியை அவரவரே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றுதான் இருக்கலாம். வழியில் யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

இரண்டு வருஷம் பாத்திரம் கழுவிய சென்னியப்பனைக் கூப்பிட்டு, "இந்த மாசிக்கு நீங்க ஏறுங்க ஐயா. கத்தி வாங்கிக்குங்க. வாங்கலீன்னா அடுத்த மாசிக்குப் பாக்கலாம்" என்று அவள் சொல்லி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்த மாசி வரைக்கும் அவருக்குப் பொறுக்காது. அதற்குக் காரணம் மயிலாத்தா.

மயிலாத்தா அவருடைய மனைவி. "என்னை ஒருக்கா தவிட்டுமலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பதினோரு வருஷம் கேட்டாள். இவர் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னவரில்லை. வெயில் தாழட்டும் என்றார். கூட்டம் குறையட்டும் என்றார். நல்ல பையாக ஒன்று பார்த்து வாங்கிக்கொண்டு போவோம் என்றார். பன்னிரண்டாம் வருஷம் கேட்பதற்கு அவள் இல்லை.

அவளுக்குப் பதிலாக யாரோ ஒரு பெண்பிள்ளையையாவது உச்சிக்குக் கூட்டிப்போய் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை மூட முடியாது. அதற்காகத்தான் மனுஷன் மடத்தைத் தேடி வந்தார்.

பாதை திறக்க இருபது நாள் இருந்தது.

சென்னியப்பன் நூல் மில்லில் இருபத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். அங்கே ஒரு விளக்குமாறு வாங்குவதாக இருந்தாலும் மூன்று மாதிரி மேஜைக்கு வந்தாக வேண்டும். அந்தப் புத்தி எங்கே போகும்? சந்தைக்குப் போனவர் மூன்று கத்தியோடு திரும்பினார்.

சாக்கை விரித்து மூன்றையும் வரிசையாக வைத்துக் குருவைக் கூப்பிட்டார்.

"இது பூட்டு வெச்சதுங்கம்மா. விரிச்சா டக்குன்னு நிக்கும், விரல் மேல மடங்காது. துருவும் ஏறாது. ஆனா விரிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்."

"சரிங்க."

"இது மரப்பிடி. நல்ல இரும்பு. கல்லுல நாலு இழுப்பு இழுத்தா சவரமே பண்ணலாம். ஆனா பூட்டு இல்லீங்க. ஈரம் பட்டாத் துருப்புடிக்கும்."

"இது?"

"இதுல எல்லாம் இருக்குதுங்க. கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், பூதக்கண்ணாடி, பல்லுக் குத்தறது..."

அவள் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "கனக்குதுங்களே."

"அதுதானுங்க குறை. இடுப்புல சொருகினா வேட்டி எறங்கிப் போகுது."

பச்சைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஒண்ணு" என்று மட்டும் சொன்னாள். போய்விட்டாள்.

ஒன்று என்பது அவருக்கும் தெரியும். எது என்பதுதானே கேள்வி!

சமையல்காரர் அர்த்தனாரியிடம் கேட்டார். "பூட்டெல்லாம் எதுக்கு? கத்தின்னா மடங்கத்தான் செய்யும், நாமதான் சூதானமா இருக்கோணும்" என்றார் அவர். மளிகை கொண்டு வருகிறவர், "பூட்டு இல்லாத கத்தியை மனுஷன் தொடுவானா?" என்றார். தகடு நாலு விரல் நீளத்துக்கு மேல் இருந்தால் அது பயத்துக்கு வைத்துக்கொள்வது, வேலைக்கு ஆகாது என்றார் ஒருவர். நாலு விரல் கத்தியை வைத்துக்கொண்டு காட்டுக்கொடியை எப்படி அறுப்பாய் என்றார் இன்னொருவர். முனை கூராக இருக்க வேண்டும். ஐயய்யோ, முனை மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். வலது இடுப்பு. இல்லை, இடது.

பத்து நாள் போயிற்று. முதலில் மூன்று கத்தியில் இருந்த குழப்பம் இப்போது முப்பது கத்திக்கு வளர்ந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. படுத்தால் கண்ணுக்குள் கத்தி விரிகிறது, மடங்குகிறது. பாவம், மனுஷன் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. குருவையே கேட்டுவிட்டால்?

"அம்மா, உங்க கத்தியைக் கொஞ்சம் காட்டுங்க. அதே மாதிரி வாங்கிக்கறேன்."

"எங்கிட்ட இல்லீங்களே."

"இல்லீங்களா?"

"போன மாசி ஒருத்தர் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"அது எந்த மாதிரிக் கத்திங்க?"

"நல்லா வெட்டுச்சுங்க."

"பூட்டு இருந்துதுங்களா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலீங்க ஐயா."

சென்னியப்பன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். இடுப்பில் வைத்திருந்த கத்திக்குப் பூட்டு இருந்ததா இல்லையா என்று தெரியாதா? இப்படியும் ஒரு குருவா? அவருக்குக் கோபம்கூட வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குப் புதுசாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பாடாய்ப்பட்டு நல்ல கத்தியாகப் பொறுக்கி எடுத்து, அதை மலைமேல் யாரோ ஒரு ஆள் கேட்டு வாங்கிப் போய்விட்டால்?

ஸ்டோர் கீப்பர் மூளை வேலை செய்தது. மில்லில் நல்ல ஸ்பேனர் பீரோவுக்குள் இருக்கும், கேட்கிறவர்களுக்கு என்று தேய்ந்த ஸ்பேனர் ஒன்று மேஜைமேல் கிடக்கும். அதே கணக்குத்தான் இங்கேயும். மறுநாள் சந்தைக்குப் போய் நாலாவதாக ஒரு கத்தி வாங்கினார். பெயருக்குக் கத்தி. ஆடுகிற தகடு, பிளாஸ்டிக் பிடி. இது வெளியே, இடுப்பில். கேட்டவருக்குக் கொடுக்க. பூட்டு வைத்தது உள்ளே, சுருக்குப் பையில், மூன்று முடிச்சுப் போட்டு அரைஞாணில்.

இத்தனை நாளில் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பாதை திறந்த காலையில் பச்சைநாயகி வாசலில் நின்றாள். "கத்தி வாங்கிட்டீங்களா ஐயா?"

அவர் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பிடியை உருவிக் காட்டினார்.

"இதுதானுங்களா?"

"இதுதானுங்கம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி. கெளம்புங்க."

அவரோடு ஏற வந்தவள் பாவாத்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, கழுத்தில் துண்டு, வாய் ஓயாத பேச்சு.

"எங்கூட்டுக்காரரு எட்டு வருசமா இந்தா போலாம், அந்தா போலாமுங்கறாருங்க. இப்பக்கூட நல்ல டார்ச் லைட்டு எதுன்னு பாத்துக்கிட்டு இருக்காரு. பாக்கட்டும்னு உட்டுட்டு நான் பாட்டுக்குப் பஸ் ஏறிட்டேன்."

சென்னியப்பனுக்குச் சமதரையிலேயே கால் இடறியது.

மூன்றாவது ஏற்றத்தில் பாறை ஈரமாக இருந்தது. பாவாத்தாள் வழுக்கினாள். ஒரு ஆள் உயரம் சறுக்கினாள். பையின் நைலான் வார் ஒரு வேரில் மாட்டி, முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி இறுகிக்கொண்டது. கால் எட்டவில்லை. உடம்பு பாரம் முழுக்க அந்தக் கையில்.

"ஐயா! கை போச்சுங்க ஐயா!"

அவர் ஓடிப்போய்க் கீழே நின்று தோளைக் கொடுத்துத் தாங்கினார். ஒரு கை அவளைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை இடுப்புக்குப் போனது.

பிளாஸ்டிக் பிடிக் கத்தி வாரில் வழுக்கியது. மறுபடியும் இழுத்தார். ஒரு நூல்கூட அறவில்லை. நாலாவது இழுப்பில் ஆணி கழன்று தகடு பாறையிடுக்கில் போய் விழுந்தது.

அவள் விரல் நீலமாகிக்கொண்டிருந்தது.

சுருக்குப் பை. மூன்று முடிச்சு. ஒரு கை. பாழாய்ப்போன முடிச்சு, என்னமாய்ப் போட்டிருக்கிறார்! பையை வாய்க்கு இழுத்துப் பல்லால் பிய்த்தார். உதடு கிழிந்தது. "மயிலாத்தா, மயிலாத்தா" என்று தன்னை அறியாமல் புலம்பினார். கத்தி கைக்கு வந்ததும் பிடியைக் கையில் இறுக்கி, தகட்டைப் பல்லால் கடித்து விரித்தார்.

ஒரே இழுப்பு. வார் அறுந்தது. இரண்டு பேரும் பாதையில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

பாவாத்தாள் கையைத் தேய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நல்லவேளைங்க, நல்ல கத்தியா வெச்சிருந்தீங்க."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தாயி, திரும்பிப் போயிரலாமுங்க. கை வீங்குது. இன்னொரு நாளைக்கு வந்து..."

"இன்னொரு நாளா?" அவள் எழுந்து நின்றாள். "அடி பட்டது கைக்குங்க. காலு நல்லாத்தான இருக்குது? நடங்க."

நடந்தார். அவள் முன்னால் போனாள், வழித்துணை பின்னால் போனார்.

உச்சியில் ஒரு கல்லும் ஒரு வேலும், நிற்க விடாத காற்றும்தான். பாவாத்தாள் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. மயிலாத்தாவுக்குச் சொல்ல வேண்டியதை இந்தக் கல்லிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது.

பாவாத்தாள் வார் அறுந்த பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்தாள். "கத்தி குடுங்க."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்களே, அதனால் பாறைமேல் வைத்தார். அவள் எடுத்தாள். பழத்தைச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியை நீட்டினாள்.

"தின்னுங்க. எங்கூட்டுக்காரருக்குன்னு கொண்டு வந்தேன். அவருக்குத்தான் குடுத்து வெக்கலையே."

சென்னியப்பன் வாங்கிக் கடித்தார். முதல் கடியிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோளெல்லாம் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே தின்றார். பாவாத்தாள் துண்டை எடுத்து அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

கத்தியைத் துடைத்து மடக்கினாள். "ஏனுங்க ஐயா, இதை நான் வெச்சுக்கட்டுங்களா? எங்கூட்டுல பழம் அறுக்க உருப்படியா ஒண்ணு இல்லீங்க."

"வெச்சுக்குங்க" என்றார்.

இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பாவாத்தாளை அர்த்தனாரியிடம் சாப்பிட உட்காரவைத்துவிட்டு, சென்னியப்பன் கிணற்றடிக்குப் போனார். பச்சைநாயகி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். ரெண்டு கத்தி வெச்சிருந்தேன்."

"தெரியுமுங்க. வேட்டிக்குள்ள இன்னொண்ணு பொடச்சுக்கிட்டு இருந்துதே."

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

"அடுத்த மாசி வரைக்கும் நீங்க தாங்க மாட்டீங்க."

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். தகடு கழன்றது, பல்லால் முடிச்சை அவிழ்த்தது, பாவாத்தாள் கை வீங்கியது, தானே திரும்பிவிடலாம் என்று சொன்னது. எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டச் சொல்வாள் என்று தலையைக் குனிந்து நின்றார்.

பச்சைநாயகி அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கிழிந்த உதட்டைக் கழுவிக்கொள்ளச் சொன்னாள்.

"அந்த நல்ல கத்தி எங்கீங்க?"

"அந்தம்மா கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"அது எப்படிங்க ஐயா, அந்தக் கத்தி?"

இருபது நாளாக எதிரே வந்தவரையெல்லாம் நிறுத்திவைத்துக் கத்தி பேசிய வாய் அது. சென்னியப்பன் வாயைத் திறந்தார். யோசித்தார். ஒன்றுமே வரவில்லை.

"கொய்யாப்பழம் அத்தனை இனிப்புங்கம்மா" என்றார்.