கிண்ணத்துக்குள் ஒரு கடிதம்

“ஐயா, நீங்க ஒண்ணை எனக்குக் காட்டாம ஒளிச்சு வைச்சிருக்கீங்க.”

பாசேர் இப்படிச் சொன்னபோது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. நைல் ஆற்றில் துடுப்புப் போட்ட தோள். ஆறு வருஷமாகக் கென்னாவிடம் எழுத்துப் படிக்கிறான். விடிந்தால் கோயிலில் பரீட்சை. தேறினால் படித்துறையில் ஊராருக்குக் கடிதம் வாசிக்கிற வேலை. தவறினால் பழையபடி துடுப்பு.

“எதை?” என்றார் கென்னா. கயிறு சுற்றிய மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

“நம்ம எழுத்துல எலும்பு மாதிரி மெய்யெழுத்தைத்தான் எழுதறோம், சதை மாதிரி உயிரெழுத்தை எழுதறதில்ல. காத்தான், காக்கிறான், காக்கட்டும், மூணுக்கும் ஒரே கோடுதான். நீங்க மட்டும் பார்த்ததும் சரியா வாசிக்கிறீங்க. எப்படி?”

“கேட்டு.”

“ஆறு வருஷமா இதையேதான் சொல்றீங்க. எதை எப்படி வாசிக்கணும்னு எங்கேயோ ஒரு பட்டியல் இருக்கு.”

“எங்கே?”

“நீங்க எழுந்தா தெரியும்.”

கென்னா எழவில்லை. சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் பாசேருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள்கூட அந்த மனுஷன் இவன் எதிரில் பெட்டியைத் திறந்ததில்லை.

அப்போது ஹெனுத் என்கிற பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் மண்கிண்ணம். செத்தவர்களுக்குச் சேதி சொல்லவேண்டுமென்றால் அந்த ஊரில் கிண்ணத்தின் உள்பக்கம் எழுதி, ரொட்டி போட்டு, கல்லறையில் வைப்பார்கள்.

“போய்ச்சேர்ந்த என் புருஷனுக்கு எழுதச் சொன்னேன். எழுதினவன் முழியே சரியில்ல. என்ன கிறுக்கியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லுங்க. அப்புறந்தான் வைப்பேன்.”

கென்னா பாசேர் பக்கம் கையைக் காட்டினார்.

பாசேர் வாசித்தான். “நம் மகனை நீ காத்தாய்.”

ஹெனுத் முகம் செத்துப்போயிற்று. “காத்தாயா? அப்போ அவ்வளவுதானா? இனிமே காக்க மாட்டாரா?”

பாசேர் திரும்பி ஆசிரியரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு முதல் நாள் வேணுமென்றே மாட்டிவிடுகிறாரோ?

குழந்தை முனகியது. பாசேர் அதன் நெற்றியைத் தொட்டான். அடுப்புக்கல்லாகச் சுட்டது.

“எத்தனை நாளா?”

“மூணு நாளா. அவன் அப்பன்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்வேன்?”

கிண்ணத்தை மறுபடி உற்றுப் பார்த்தான். இந்தத் தடவை குரல் தானாக இறங்கியது.

“நம் மகனை நீ காக்கவேண்டும்.”

“அதான்! நான் சொன்னது அதேதான்.” பிடுங்காத குறையாகக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஹெனுத் கிளம்பிவிட்டாள்.

கென்னா எழுந்து நகர்ந்து நின்றார். “இந்தா பெட்டி. திறந்து பாரு.”

பாசேர் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தான்.

“அப்புறம் பார்த்துக்கலாம் ஐயா. அடியில இன்னொரு வரி இருந்துது, நான் வாசிக்கவே இல்ல. அவ கல்லறைக்குப் போயிடுவா.”

ஓடினான்.

கென்னா கயிற்றை அவிழ்த்தார். பெட்டிக்குள் இருந்தது மதியத்துக்கு வைத்திருந்த வெங்காயம் மட்டும். எடுத்துக் கடித்தார்.