ஒரு வாய்த் தண்ணீர்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மாந்துறை நாட்டை வெட்டுமாறன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிடக் கத்தினான் என்பதே சரி. யார் முறையிட வந்தாலும் பாதிப் பேச்சிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவான். "மகாராஜா, என் மாடு பக்கத்து வயல்ல..." என்று ஒருவன் தொடங்கினால் போதும், "மாட்டைப் பறிமுதல் செய்!" என்பான். சேவகர்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், மாடு அங்கே பாம்பு கடித்துச் செத்துக் கிடக்கும்.

தளவாய் வேழநாதன் இதற்கெல்லாம் ஜால்ரா போடுவான். "கால் பேச்சைக் கேட்டே முழு நியாயமும் அறிகிறாரே நம் ராஜா!"

மந்திரி அறவாழிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "அரசே, கேட்பதும் சிலம்பம் போலத்தான். தினமும் பழகினால்தான் வரும்."

"எனக்கே பாடமா?"

"பாடமில்லை, ஒரு வாய்த் தண்ணீர். தினம் காலையில் ஒரே ஒருவர் முறையிடட்டும். அவர் முடிக்கும்வரை தண்ணீர் உங்கள் வாயில் இருக்கவேண்டும். விழுங்கக்கூடாது, துப்பக்கூடாது. ஒரு மண்டலம்."

"பழக்கம் வராவிட்டால்?"

"என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

முதல் நாள் வந்த தயிர்க்காரியின் முகமெல்லாம் தண்ணீர். இரண்டாம் நாள் வந்தவர் புரோகிதர், அவருக்கும் அதே அபிஷேகம். மூன்றாம் நாள் வந்தவன் விவரமானவன், தாழங்குடையை முன்னால் பிடித்துக்கொண்டே பேசினான். அறவாழி சளைக்கவில்லை. "நேற்று மூன்று சொல் தாங்கினீர்கள், இன்று ஏழு. நாளைக்கும் பார்ப்போம்" என்றார்.

மண்டலம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. காலையில் ராஜா இப்போது கடைசிச் சொல்வரை தாங்கினான். மந்திரி பிழைத்துவிடுவாரோ என்று வேழநாதனுக்கு வயிறு எரிந்தது. தண்ணீரெல்லாம் காலையில்தானே, நடுப்பகல் சபையில் ராஜா பழைய ராஜாதானே என்று நினைத்துக்கொண்டான்.

அன்று நடுப்பகலில் தோட்டக்காரன் குப்பாண்டி மண்வெட்டியும் கையுமாகச் சபைக்குள் ஓடிவந்து விழுந்தான். "மகாராஜா! மந்திரி எதிரி ராஜாவுக்கு ஓலை எழுதி, என்னைக் கொண்டுபோகச் சொன்னாரு! அந்த ஓலையில..."

சபை அதிர்ந்தது. ராஜாவின் முகம் செக்கச் சிவந்தது. யானைக் காலில் இடறச் சொல்வான் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், ராஜா கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே சொல் என்று கையைக் காட்டுகிறான்.

"அந்த ஓலையில..." குப்பாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. "ஓலையில..." திருதிருவென்று விழித்துத் தளவாயைத் திரும்பிப் பார்த்தான். "சாமி, 'ஓலையில'ன்னதும் ராஜா கத்திடுவாரு, அதுக்கு மேல தேவைப்படாதுன்னீங்களே! இவரு கத்தவே இல்லையே! இனி நான் என்னத்தச் சொல்ல?"

ராஜா தளவாயின் வாளைப் பிடுங்கிக்கொண்டு குப்பாண்டியின் மண்வெட்டியைக் கையில் கொடுத்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழி கழுத்தில் போட்டான்.

"மந்திரியாரே, நான் பாதி கேட்டு அடைத்தவர்கள் யாராவது..."

"பதினோரு வருஷமாக ஒருவன் இருக்கிறான், அரசே. உப்பு விற்கும் மாசாணம். 'தளவாய் என்னிடம்' என்று தொடங்கினான். தளவாயைப் பழித்தான் என்று உள்ளே தள்ளினீர்கள்."

ராஜா தானே போய்ச் சிறைக் கதவைத் திறந்தான். மாசாணத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தான். "அன்றைக்குச் சொல்ல வந்ததன் மீதியைச் சொல்லப்பா. முழுசாகக் கேட்கிறேன்."

மாசாணம் நெற்றியைத் தடவித் தடவி யோசித்தான்.

"மறந்துபோச்சு மகாராஜா. ரெண்டு வருஷம் செவுத்துக்கிட்டயே சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"நினைவு வரட்டும், இருக்கிறேன்" என்றான் ராஜா. பொழுது சாயும்வரை அங்கிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.