சேனை நறுக்கிய கை

"நீங்க சொன்னபடிதான் சாப்பிடுதேன், அம்மா. மனசு மட்டும் நிலைக்கு வரமாட்டேங்குது."

திருமலைக்கொழுந்து இப்படிக் குறைப்பட்டுக்கொண்டது மலையடிவாரத்து மடத்தில், வேதவல்லி அம்மையின் முன்னால். குரு என்றாலும் அம்மை அவரைவிட வயதில் இளையவர். சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், கோமு. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு மனிதருக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை.

அம்மைதான் அவரை உட்காரவைத்துச் சொன்னார்.

"மூலாதாரம் ஆடிப்போச்சு, அண்ணாச்சி. மண்ணுக்குள்ள விளைஞ்சதைச் சாப்பிடுங்க. முதல்ல உடம்பு தரைக்கு வரட்டும்."

அண்ணாச்சி சொன்னதைச் செய்கிற ரகம். சொல்லாததையும் சேர்த்துச் செய்கிற ரகம். அன்றிலிருந்து சேனை, கருணை, சிறுகிழங்கு தவிர அவர் வீட்டுக்குள் வேறு காய் நுழையவில்லை. சாப்பிடும்போது மௌனம் என்று ஒரு விரதத்தையும் தானாகவே ஏற்படுத்திக்கொண்டார். அது மெல்ல மெல்ல நாள் முழுக்க நீண்டுவிட்டது. வீட்டில்தான் மௌனம். மடத்துக்கு வந்தால் வாய் மூடாது.

"இப்ப புதுசா ஒரு சங்கடம், அம்மா. பகவதி வைக்கிற சேனை தொண்டையைக் காறுது. புளி கூடக் கொஞ்சம் விடுன்னு எழுதிக் காட்டியாச்சு. கேக்க மாட்டேங்கா."

பகவதி அவர் மனைவி.

"நறுக்குறது யாரு?" என்று அம்மை கேட்டார்.

"அவதான்."

"சேனை கையை அரிக்குமே. எண்ணெய் தேய்ச்சுக்கிடுவாங்களா?"

"அதெல்லாம் நான் கவனிக்கல."

அம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு பெரிய சேனையையும் அரிவாள்மணையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இன்னிக்கு மடத்துச் சமையலுக்கு நீங்க நறுக்கிக் குடுங்க."

"எண்ணெய்?"

"வேண்டாம்."

குருவின் வாக்காயிற்றே. அண்ணாச்சி உட்கார்ந்து தோல் சீவினார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதில் சேனையையும் தாராளமாகச் சேர்க்கலாம். பாதிக் கிழங்கு முடிவதற்குள் விரலிடுக்கில் தொடங்கி மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. சொறிந்தார். சொறியச் சொறிய ஏறியது. கையைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்றாகிவிட்டது அவருக்கு.

"அம்மா, உயிர் போகுது!"

அம்மை புளியைக் கரைத்துக்கொண்டு வந்து அவர் கையில் ஊற்றினார். ஊற்றியபடியே சொன்னார்:

"தப்பு என்மேலயும் இருக்கு, அண்ணாச்சி. பிள்ளையைப் பறிகொடுத்தது ரெண்டு பேரு. நான் ஒருத்தருக்குத்தான் வைத்தியம் சொன்னேன். இன்னொருத்தரை என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க" என்றார் அம்மை.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. கோமு போனதிலிருந்து பகவதி என்ன சாப்பிடுகிறாள், எப்போது தூங்குகிறாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போனது என்றும் புரியவில்லை.

பகவதி அடுக்களையில் இருந்தாள். அவருடைய ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வீங்கி, அங்கங்கே தோல் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. எத்தனையோ நாள் அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

எண்ணெய்ப் புட்டி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

"எண்ணெய் இங்கனயே இருக்கே, பகவதி. தேய்ச்சுக்கிட்டா என்ன?"

அவர் குரலைக் கேட்டு அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சொன்னாள்:

"தேய்ச்சா அரிக்காதுல்லா, அத்தான்."

"அதுக்குத்தானே தேய்க்கச் சொல்லுதேன்!"

பகவதி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

"நீங்க வாயே தொறக்க மாட்டேங்கிய. இது அரிக்கிற நேரமாவது பிள்ளை நினைப்பு வராம இருக்கும்லா."