பேசாலைக்கு ஒரு குப்பி

“லாசரஸ் அண்ணன் பொய் சொல்றாரு மேடம்,” என்றாள் அனற்றா. “அது பாம்பன் மீன். இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்.”

ஷமீமா கையுறையைக் கழற்றவில்லை.

அனற்றாவின் ஆராய்ச்சிக்கு நெறியாளர் அவள். நாலைந்து வயதுதான் மூத்தவள். மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை அமிலத்தில் கரைத்து, அது எந்தக் கடலில் வளர்ந்த மீன் என்று சொல்லிவிடுவாள். மீன் ஏற்றுமதி செய்கிறவர்கள் அவள் சொல்லுக்குக் காத்துக் கிடப்பார்கள்.

“என்ன மீன்?”

“கத்தாழைக் கருவாடு. அம்மா குடுத்தது.”

அந்தக் கருவாடு எங்கிருந்து வருகிறதாம் என்பது அகதி முகாம் முழுக்கத் தெரியும்.

அனற்றாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மண்டபம் கரையில் வந்து இறங்கியவள் அம்மா. அடுத்த படகில் வருகிறேன் என்று கடலுக்கு அந்தப் பக்கம் பேசாலைக் கரையில் நின்று கையசைத்த அப்பா தேவதாஸ் வரவேயில்லை. இப்போது சில மாதங்களாக, அக்கரைக்குப் போய்வருகிற லாசரஸ் ஒரு பொட்டலம் கொண்டுவந்து தருகிறார். “தேவதாஸ் தந்துவிட்டதாம்” என்கிறார். யார் யாரோ கைமாற்றித் தன் கைக்கு வந்தது, தான் ஆளைப் பார்க்கவில்லை என்கிறார்.

அம்மா கருவாட்டின் தலையை முறித்து மகளிடம் கொடுத்தாள்.

“உன்ர மெசினில வச்சுப் பார், பிள்ளை. எங்கட கடல் எண்டால் சொல்லு, காத்திருக்கிறன். இல்லையெண்டாலும் சொல்லு. அழுது முடிக்கிறன்.”

ஷமீமா கேட்டாள். “கணினி என்ன சொல்லுது?”

“பாம்பன். நூத்துக்கு எண்பத்தெட்டு.”

“ரெண்டு தடவை பார்த்தியா?”

“நாலு தடவை.”

“அவ்வளவு பயமா?”



ஷமீமா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் செவிக்கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதையும் பாரு. அப்புறம் அம்மாகிட்ட போ.”

“இது எந்த ஊரு மேடம்?”

“உங்கிட்டதானே கேக்கிறேன்.”

அனற்றா கல்லைக் கழுவினாள். அமிலத்தில் கரைத்தாள். கருவியில் செலுத்தினாள். சாயங்காலம் எண்கள் வந்தன.

“பாம்பன்.”

“எவ்வளவு?”

“தொண்ணூத்தாறு. கொஞ்சமும் சந்தேகம் இல்லை மேடம்.”

“கோவில்பட்டியில எங்க மாமி வீட்டுக் கிணத்துக் கெண்டை அது. கடல் எந்தத் திசையில இருக்குன்னே அதுக்குத் தெரியாது.”

அனற்றா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

திரையில் ஐந்து கரைகளின் பெயர்கள் இருந்தன. அந்த ஐந்திலும் பிடித்த மீன்களை வைத்துத்தான் கணினியைப் பழக்கியிருந்தார்கள். எந்த மீனைக் கொடுத்தாலும் ஐந்தில் எதற்குப் பக்கமாக இருக்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லும். ஐந்திலும் இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதற்குச் சொல்லித்தர மறந்தது அனற்றாதான். நிரலை எழுதியது அவள்.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“பேசாலை மீன் நம்மகிட்ட இல்லையே மேடம்.”

“இல்லை.”

“அப்ப லாசரஸ் அண்ணன் சொல்றது நிஜமா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“பொய்யா?”

“அப்படியும் சொல்லலையே.”

ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

“நானே போய்ப் பிடிச்சுட்டு வந்துடுவேன்,” என்றாள் அனற்றா. “ஆனா அகதிக்கு யார் பாஸ்போர்ட் குடுக்கிறாங்க?”

“அந்தக் கரையில ஒரு ஆய்வகத்துக்கு, பேசாலை மீன் அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கேன். நீ இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே கேட்டது. அனுமதி இன்னும் வரலை.”

“வருமா?”

“தெரியாது.”

அனற்றாவின் தொலைபேசி மேசைமேல் அதிர்ந்தது. அம்மா. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது.

“நான் என்ன மேடம் சொல்றது அவங்ககிட்ட?”

ஷமீமா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ஐந்து கரைகளின் குப்பிகள் வரிசை வரிசையாக நின்றன. கடைசியில் தனியாக ஒன்று. ‘பேசாலை’ என்று ஒட்டிய தாள் மங்கியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அதன் மூடியைத் திறந்தாள். அமிலம் ஊற்றிக் குலுக்கினாள். வடித்த நீரில் அலசினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு முறை அலசிக் கவிழ்த்து வைத்தாள்.

“அது வெறும் குப்பி மேடம்.”

“ஆமா. வாராவாரம் கழுவுறேன்.”

“எதுக்கு?”

“மீன் வர்ற அன்னிக்கு, குப்பி அழுக்கா இருக்கக் கூடாது.”