கணவாயில் கல் எடுத்தவன்

ராஜாவும் இல்லாத, மந்திரியும் இல்லாத ஒரு மலைநாட்டில் வெகுகாலத்துக்கு முன்பு மால்கு என்று ஒருவன் இருந்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் உடம்பு வளையாதவன், அவ்வளவுதான்.

அது கெச்சுவா பேசும் சனங்களின் நாடு. மலைக்கு இந்தப் பக்கம் கடுங்குளிர். உருளைக்கிழங்கும் புல்லும் தவிர எதுவும் விளையாது. அந்தப் பக்கம் வெதுவெதுப்பான பள்ளத்தாக்கு, அங்கே மக்காச்சோளம். நடுவில் ஒரே ஒரு கணவாய். லாமா என்னும் கம்பளி மிருகங்களின் முதுகில் கிழங்கை ஏற்றிப் போய்ச் சோளத்தோடு திரும்புவார்கள்.

கணவாய் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் கீழே ஆற்றிலிருந்து ஒரு கல்லைச் சுமந்து வந்து உச்சியில் வைக்க வேண்டும். மலைத்தாய்க்கு அது காணிக்கை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வைத்து வைத்து, அந்தக் குவியல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது.

மால்குவின் வீடு கணவாய்க்குச் சற்றுக் கீழே. லாமாப் பட்டிக்கு ஒரு சுவர் எழுப்ப ஆசைப்பட்டான். ஆற்றுக்கு இறங்கிக் கல் சுமக்க மனமில்லை. குவியலில் கை வைத்தான்.

முதல் வருஷம் மேலே இருந்ததை எடுத்தான். யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வருஷம் நடுவில் இருந்ததை எடுத்தான். ஊர் முணுமுணுத்தது. மூன்றாம் வருஷம் அவன் மனைவி வைரா வாய் திறந்தாள்.

"அது நம்ம கல்லு இல்லீங்க. ஒவ்வொண்ணும் ஒருத்தர் சுமந்தது."

"சும்மா கிடக்கிறதுதானே. மலை என்ன, எண்ணிக்கிட்டா இருக்கு?" என்றான் மால்கு. அடியில் இருந்ததையும் எடுத்துவிட்டான்.

சுவரை முடிக்கும் மும்முரத்தில் அந்த வருஷம் சோளம் கொண்டுவர வைராவையே அனுப்பினான். அவள் திரும்பும் நாளில் பருவம் தப்பிய பனி கொட்டியது. பாதை மறைந்தது. அந்தப் பக்கமிருந்து ஏறுகிறவர்கள் பனிக்காலத்தில் அந்தக் குவியலைப் பார்த்துத்தான் கணவாயைக் கண்டுபிடிப்பார்கள். வாசலில் நின்ற மால்குவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஓடினான். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். காற்றில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மறுநாள் ஊரார் வைராவைக் கண்டார்கள். கணவாய்க்குக் கூப்பிடு தூரத்தில், லாமாக்களுக்கு நடுவே, உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருந்தாள். மடியில் ஒரு கல். பள்ளத்தாக்கு ஆற்றிலிருந்து அவள் சுமந்து வந்தது. அதை வைக்கவேண்டிய இடம் கடைசிவரை அவளுக்குத் தென்படவில்லை.

பாவி, அதன் பிறகு அழுது என்ன பயன்? மால்கு சுவரை இடித்தான். ஒவ்வொரு கல்லாக மேலே கொண்டுபோனான். எல்லாவற்றுக்கும் அடியில் அவள் கல்லை வைத்தான்.

கேட்டீர்களா? ஊர் கூடிச் சேர்த்ததை உன் வீட்டுக்கென்று எடுக்காதே. அது இல்லாமல் வழி தெரியாமல் நிற்பது உன் வீட்டு ஆளாகவே இருக்கலாம்.